பின்னால் நிற்கும் ஆள்

புது நிலையத்துக்கு மாற்றலாகி வந்த அன்றைக்கே ஓட்டுநருக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. இரண்டு பஸ் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டாட்டம் அவ்வளவு மும்முரம்.

சரி, மனிதர்கள் இருக்கட்டும், வண்டியைப் பார்ப்போம் என்று ஷெட்டுக்குப் போனார். அது அவருடைய பழக்கம். எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் தீயணைப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். டயர், விளக்கு, பிரேக், ஏணியைக் கட்டியிருக்கும் பட்டை, தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"தண்ணிய ஏங்க பாதி விட்டு வெச்சிருக்கீங்க?"

"பாதியாவது இருக்கேன்னு சந்தோஷப்படுங்க" என்றது ஒரு குரல். தொப்பை முன்னால் வர, ஆள் பின்னால் வந்தார். அந்தக் குரலுக்காகவே அவருக்குச் சைரன் என்று பெயர். பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் போனே இல்லாமல் பேசக்கூடியவர்.

பாதித் தொட்டித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்த்துவிடும். ஒன்று முழுதாக இருக்க வேண்டும், இல்லை காலியாக இருக்க வேண்டும். இதை ஓட்டுநர் எத்தனையோ நிலையங்களில் சொல்லியாயிற்று. எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் சண்டை வரும். அப்புறம் மாற்றல் வரும். "சைரன் போட்டிருந்தாலும் சிவப்பு விளக்குல மெதுவாத்தான் போவேன்", "பெல்ட் போடாம ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் வண்டி நகராது" என்று அவர் போட்ட சட்டங்களுக்காக பிரேக் என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. அவருக்கு முன்னால் அது இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"வாங்க பிரேக் அண்ணா!" என்றார் சைரன். சீட்டாட்டக் கும்பல் சிரித்தது.

ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டார். கிளம்பும்போது மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்: "இந்த ஊர்லயாவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. இன்னொரு ஸ்கூலுக்கு மாற மாட்டேன்னு பொண்ணு ஒரே அழுகை. நாங்களும் எத்தனை தடவைதான் பாத்திரம் பண்டத்தைக் கட்டுறது?" சும்மா இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரால் சும்மா இருக்க முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் வண்டி ஒரு மனிதன்மேல் உரசியதுகூட இல்லை. அவரிடம் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாளே ஒரு குப்பைக் கிடங்கில் தீ. அணைத்துவிட்டு மாலை வெயிலில் திரும்பி வந்தார்கள். ஷெட்டுக்கு வாசல் ஒன்றுதான். அடுத்த அழைப்புக்கு நேராகக் கிளம்ப வேண்டும் என்பதால் வண்டியை எப்போதும் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு ஆள் நுழையும் அளவுதான் இடம், பின்னால் சுவர். இப்படி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ஆள் பின்னால் நின்று வழி சொல்ல வேண்டும். அந்த ஆள் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தெரியாமல் போனால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வண்டி ஓட்டப் பழகும்போதே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

வாசலில் வண்டி நின்றதும் எல்லாரும் பொத்பொத்தென்று குதித்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"யாராவது பின்னாடி வாங்க!" என்று கத்தினார்.

"அதெல்லாம் நீங்களே விட்டுருவீங்க" என்று பதில் வந்தது.

ஓட்டுநருக்கு ஆத்திரம் வந்தது. இறங்கிப் போய் நாலு கேள்வி கேட்கலாமா என்று யோசித்தார். மகளின் முகம் ஞாபகம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஷெட்டுக்குள்ளே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஹெல்மெட், கனமான கோட்டு. உள்ளே வெளிச்சம் குறைவு, முகம் தெரியவில்லை. ஆனால் கை தெரிந்தது. வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, விரல்களை நிதானமாக மடக்கி மடக்கி அழைத்தார். கூடவே ஒரு குரல், அவசரமே இல்லாத குரல்.

"வரட்டும்... வரட்டும்..."

என்ன அருமையாக வழி சொன்னார்! வண்டி நூல் பிடித்தாற்போல உள்ளே போய் நின்றது. பரவாயில்லையே, வேலை தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரே என்று ஓட்டுநருக்கு மனசு குளிர்ந்தது. நன்றி சொல்லலாம் என்று இறங்கினார். ஷெட்டில் யாரும் இல்லை. நனைந்த கரியின் நாற்றம் மட்டும் இருந்தது. தீயணைத்துவிட்டு வந்த வண்டியில் அது இருக்கத்தானே செய்யும்.

ஓய்வறைக்குப் போனார். எல்லாரும் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கின.

"பின்னாடி நின்னது யாருப்பா? நல்லா சொன்னீங்க."

சைரன் டம்ளருக்குள் பார்த்தார். ஒருவர் எழுந்து வெளியே போனார்.

புது ஆளை வைத்து விளையாடுகிறார்கள் என்று ஓட்டுநர் முடிவுகட்டினார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் இதே கூத்துத்தான். வாசலில் எல்லாரும் இறங்கி ஓடுவார்கள். உள்ளே அந்த ஆள் நிற்பார். இறங்கிப் பார்த்தால் இருக்க மாட்டார். கேட்டால் வாயில் கொழுக்கட்டை. கடைசியில் ஓட்டுநர் பொறுமை இழந்து, வாக்கையும் மறந்து, மேலதிகாரிக்கு நேராகவே புகார் சொல்லிவிட்டார்: இந்த நிலையத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது முறையாக ஒருவரும் பின்னால் நிற்பதில்லை, நிற்கிறவரும் யாரென்று சொல்வதில்லை, ஒருநாள் விபத்து நடக்கும். மேலதிகாரி வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்தப் புகார் போன மறுநாள்தான் ஓட்டுநர் ஒரு காரியம் செய்தார். வண்டியை ஷெட்டில் விட்டதும், பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கப் போனார். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணாடியில் அந்த ஆளைப் பார்த்திருந்தார். வண்டி நிற்கும்வரை அவர் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

ஒரு சாண் இடத்தில் மனிதன் எப்படி நிற்க முடியும்?

அவர் குனிந்து அந்த இடுக்கில் கையை விட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. கை நுழைந்த இடம் கிணற்றுக்குள் விட்டதுபோலச் சில்லென்று இருந்தது. கரி நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நேராக நிலைய அலுவலரிடம் போனார். அலுவலர் நல்லவர்தான். ஓய்வு பெறப் போகிறவர், வம்பு வேண்டாம் என்று இருப்பவர். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்.

"பார்த்துட்டீங்களா?"

"என்ன சார் அது?"

அலுவலர் மென்று விழுங்கிச் சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீயணைப்பு வீரர் அங்கே நின்று வழி சொன்னார். அவருடைய வேலை நேரம் முடிந்திருந்தது. ஆனால் இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாற்று ஆள் வந்து "நான் பார்த்துக்கறேன், நீ போ" என்று வாயால் சொல்லும்வரை நிற்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது. மாற்று ஆள் வரத் தாமதமானது. வண்டி வந்தது. ஓட்டியவருக்குக் கண்ணாடியில் ஆள் தெரியவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

"அப்புறம் இன்னொருத்தர் பின்னாடி நின்னாரு" என்றார் அலுவலர். "இடுப்பு நொறுங்கிப் போச்சு. பொழைச்சாரு. யாரோ பின்னாலிருந்து ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டாங்க, நகர விடலைன்னு சொன்னாரு. அந்தச் செத்தவனுக்கு மாத்து ஆள் வேணும்ப்பா. அதான் நாங்க யாரும் நிக்கிறதில்ல. யாரும் நிக்கலைன்னா அவன் ஒழுங்கா வழி சொல்றான். ஒரு கீறல் விழறதில்ல."

"இதை என்கிட்ட முதல் நாளே சொல்றதுக்கு என்ன சார்?"

"சொன்னா நம்புவீங்களா? சண்டைக்கு வருவீங்க. உங்களைப் பத்தி அப்படித்தான் சொன்னாங்க."

ஓட்டுநருக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்காதே என்பது விதி. இங்கே ஆள் நின்றால் சாவு. வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த ஒரு நல்ல விதி இப்படி எதிரே நின்று பல்லை இளித்தால் மனுஷன் என்னதான் செய்வது? வண்டியை வெளியே மைதானத்திலேயே நிறுத்த ஆரம்பித்தார். புகாரைத் திரும்பப் பெற முயன்றார். மேலதிகாரி போனிலேயே எரிந்து விழுந்தார். "நீங்களே புகார் குடுப்பீங்க, நீங்களே வேண்டாம்பீங்களா? நான் வர்றேன்."

வந்தார். நல்ல உச்சி வெயிலில், கஞ்சி போட்ட சட்டையோடு வந்து இறங்கினார். வந்ததும் முதல் கேள்வி, வண்டி ஏன் வெயிலில் காய்கிறது என்பது. இரண்டாவது, பின்னால் நிற்க ஆள் எங்கே என்பது.

"சார், இன்னிக்கு வேண்டாம் சார்" என்றார் ஓட்டுநர்.

"ஏன்? உங்க புகார்தானே? நீங்க ரிவர்ஸ் எடுங்க." மேலதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் முதலில் பட்டது தொப்பைதான். "நீங்க போய்ப் பின்னாடி நில்லுங்க."

சைரன் நிலைய அலுவலரைப் பார்த்தார். அலுவலர் தரையைப் பார்த்தார். பேய் இருக்கிறது என்று மேலதிகாரியிடம் யார் சொல்வது?

சைரன் ஓட்டுநரின் பக்கத்தில் வந்தார். முதல் முறையாக அந்தக் குரல் கிசுகிசுத்தது.

"அண்ணா... எனக்கு ரெண்டு குழந்தைங்க."

"கண்ணாடில உன்னைப் பார்க்கலைன்னா நிறுத்திருவேன்" என்றார் ஓட்டுநர். "நீ பக்கத்துல ஓரமா நில்லு. சுவர்கிட்ட போகாதே. என் கண்ணுக்குத் தெரியற மாதிரியே நில்லு. சரியா?"

ஏறி உட்கார்ந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கியர் போட்டார். வலது கண்ணாடியில் சைரன் ஓரமாக நிற்பது தெரிந்தது. வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

ஷெட்டின் நிழல் வண்டிமேல் ஏறியது.

"வரட்டும்... வரட்டும்..."

கண்ணாடியில் ஹெல்மெட்டும் கோட்டும் தெரிந்தன. விரல்கள் நிதானமாக மடங்கின.

சைரன் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வாழ்நாளில் எத்தனையோ பேர் கேலி செய்த அந்த பிரேக்கைக் காலின் முழு பலத்தோடும் மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. முன்னால் கொஞ்சம் நகர்த்தி, கைப் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால் தடுப்புக் கட்டையைச் செருகிவிட்டு ஓடினார்.

சைரன் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் நின்றவர் எப்படி நடுவில் வந்தார்? கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சட்டையில் வயிற்றுக்கு நேரே பம்பரின் அழுக்குக் கோடு பதிந்திருந்தது. இன்னும் இரண்டு விரல் வண்டி வந்திருந்தால் முடிந்திருக்கும்.

"வாய்யா வெளிய!" என்று கையைப் பிடித்து இழுத்தார். சைரன் அசையவில்லை. அவருடைய இரண்டு தோளிலும் சட்டை உள்வாங்கிக் கசங்கியிருந்தது. ஐந்து ஐந்து விரல்கள் அழுத்தியதுபோல.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மரம் நெரிபடும் சத்தம்.

சக்கரத்தின் கட்டை.

இன்ஜின் அணைந்திருந்தது. கைப் பிரேக் போட்டிருந்தது. தரை சமம். ஆனாலும் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது.

"வரட்டும்..."

கட்டை மெதுவாகப் பிளந்தது.

"வரட்டும்..."

ஓட்டுநர் வண்டிக்கும் சைரனுக்கும் நடுவே நின்றிருந்தார். பயந்து நடுங்கியிருக்க வேண்டிய நேரம். ஆனால் அந்த மனுஷனுக்கு அப்போது மூக்குக்குமேல் கோபம்தான் வந்தது. எத்தனை நிலையம், எத்தனை சண்டை, எத்தனை கேலி! உயிரோடு இருப்பவர்கள்தான் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்றால், செத்தவனுமா?

"டேய்! உனக்கு மாத்து ஆள்தானே வேணும்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். "நான் பார்த்துக்கறேன்! நீ போ!"

வண்டி நின்றது.

சைரன் பொத்தென்று அவர்மேல் விழுந்தார். கரி நாற்றம் சட்டென்று இல்லாமல் போனது, யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல. மேலதிகாரி ஓடி வந்து, வெயில் மயக்கம் என்று தானே தீர்ப்புச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கைப் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான். கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. சைரனே தினமும் பின்னால் நின்று ஊருக்கே கேட்கும்படி வழி சொன்னார். தொட்டி எப்போதும் நிறைந்திருந்தது. சொல்லாமலே எல்லாரும் பெல்ட் போட்டார்கள். பிரேக் அண்ணா என்று கூப்பிட்டபோது அதில் கேலி இல்லை, மரியாதை இருந்தது. "பரவாயில்லையே, இத்தனை நாள் ஆயிருச்சு, இன்னும் சண்டையே காணோம்" என்று மனைவி கிண்டல் செய்தாள். மகளுக்குப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்துவிட்டாள். இனி இந்த ஊரை விட்டு மாற்றலே வேண்டாம் என்று ஓட்டுநர் மனசார நினைத்தார்.

அவருடைய விடுப்பு நாட்களில் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு மாற்று ஓட்டுநர் வந்து வண்டியைப் பார்த்துக்கொள்வார். அப்படி ஒரு விடுப்பு நாள். மத்தியானம் வீட்டில் அவரும் மனைவியும் மகளும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. ஓட்டுநர் முதல் கவளம் எடுப்பதற்குள் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். மாற்று ஓட்டுநர்தான்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. வண்டிய நிறுத்திட்டுத்தான் பேசறேன். சந்தேகம் வந்தா நிறுத்திரணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்லது. என்ன சந்தேகம்?"

"ஷெட்டுல விட்டுட்டு இருக்கேன். சைரன் அண்ணன் பின்னாடி நிக்கிறாருன்னு சொன்னாங்க. ஆனா அவரைக் காணோம். கண்ணாடில நீங்கதான் தெரியறீங்க. லீவு நாள்ல ஏன்ணா வந்தீங்க? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறீங்க."

ஓட்டுநர் போனைக் காதோடு அழுத்தினார்.

"நான் வீட்ல இருக்கேன்" என்றார். "வண்டிய எடுக்காதே. இறங்கு. முன்னாடி நகர்த்திட்டு இறங்கிப் போய் சைரனைப் பாரு."

"என்னண்ணா விளையாடறீங்க? இதோ தெரியறீங்களே. கை காட்டறீங்க. வரட்டும் வரட்டும்னு சொல்றீங்க. உங்க குரல்தான்."

"எடுக்காதேன்னு சொல்றேன்ல!"

மறுமுனையில் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாற்று ஓட்டுநரின் குரல் இறங்கி வந்தது.

"நான் எடுக்கலண்ணா. அதுவா போகுது."

மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது. அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். மகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை நெஞ்சுக்கு நேராகத் தூக்கியிருந்தது. விரல்கள் நிதானமாக மடங்கி மடங்கி விரிந்தன. அவர் நிறுத்தப் பார்த்தார். போனைப் போட்டுவிட்டு இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். கை நிற்கவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "யாரைக் கூப்பிடறீங்க?"